விமானம் தாமதமா? உங்கள் இழப்பீட்டைத் தூரம்தான் தீர்மானிக்கிறது

இத்தாலியின் ரோம் நகரிலிருந்து ஜெர்மனியின் ஹாம்பர்க் நகருக்கு வான்வழி நேர்தூரம் 1,326 கிலோமீட்டர். நேரடி விமானம் என்றால் ஏறத்தாழ இரண்டரை மணி நேரப் பயணம். டிக்கெட் எடுக்கும்போது இந்தத் தூரத்தைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. ஆனால் விமானம் தாமதமானால் கைக்கு எவ்வளவு பணம் வரும் என்பது இதைப் பொறுத்தே அமைகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 ஒழுங்குவிதி 2005 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ளது. விமான நிறுவனம் பொறுப்பேற்க வேண்டிய காரணத்தால் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் பயணிக்கு இழப்பீடு உண்டு. 1,500 கி.மீ. வரை 250 யூரோ. அதற்கு மேல், ஒன்றிய நாடுகளுக்குள் 400 யூரோ. ஒன்றியத்துக்குள் இருந்து புறப்படும் எல்லா விமானங்களுக்கும் இது பொருந்தும். உங்களிடம் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட்டா, இலங்கைப் பாஸ்போர்ட்டா என்று சட்டம் பார்ப்பதில்லை.

தூரமும் நேரமும்

ரோமில் ஏறி, பிரஸ்ஸல்ஸில் விமானம் மாறி, ஹாம்பர்க் போன சில பயணிகள் மூன்றரை மணி நேரத்துக்கும் மேல் தாமதமாகச் சேர்ந்தார்கள். சுற்றி வந்த தூரம் 1,656 கி.மீ. என்பதால் 400 யூரோ கேட்டார்கள். புறப்பட்ட இடத்துக்கும் இறுதியாகச் சேரும் இடத்துக்கும் இடையிலான நேர்தூரமே கணக்கு, எனவே 250 யூரோதான் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது.

சால்ஸ்பர்க்கிலிருந்து கொலோன் வந்த ஒரு விமானம் ஓடுபாதையைத் தொட்டபோது தாமதம் 2 மணி 58 நிமிடம். நிறுத்துமிடம் வந்தபோது 3 மணி 3 நிமிடம் ஆகிவிட்டது. கதவு திறந்து பயணிகள் இறங்கலாம் என்ற நேரமே வந்துசேர்ந்த நேரம் என்று 2014இல் அதே நீதிமன்றம் சொன்னது.

எங்கே ஏமாறுகிறோம்?

கடும் வானிலை, வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களின் வேலைநிறுத்தம் போன்றவற்றுக்கு இழப்பீடு கிடையாது. வழக்கமான தொழில்நுட்பக் கோளாறு இந்த விலக்கில் சேராது. “டெக்னிக்கல் பிரச்சினை” என்ற ஒரு சொல்லைக் கேட்டு ஒதுங்கிவிடாதீர்கள். காரணம் எதுவாக இருந்தாலும் உணவும், இரவு தங்க நேர்ந்தால் ஹோட்டலும் தருவது நிறுவனத்தின் கடமை. 1,500 கி.மீ. வரையுள்ள பயணத்தில் இரண்டு மணி நேரத் தாமதத்திலேயே உணவு கேட்கலாம். தராவிட்டால் சொந்தச் செலவில் வாங்கி, ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

என்ன செய்ய வேண்டும்?

போர்டிங் பாஸைத் தூக்கி எறியாதீர்கள். கதவு திறந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தாமதத்துக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்திடமே நேரடியாக விண்ணப்பியுங்கள். இடைத்தரகு நிறுவனங்கள் கிடைக்கும் தொகையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். பணத்துக்குப் பதில் வவுச்சர் நீட்டினால், உங்கள் கையெழுத்து இல்லாமல் அது செல்லாது, விருப்பமில்லாவிட்டால் மறுத்துவிடுங்கள். நிறுவனம் கைவிரித்தால் விமானம் புறப்பட்ட நாட்டின் விமானப் பயணிகள் உரிமை அமைப்பையோ நீதிமன்றத்தையோ நாடலாம். காலவரம்பு நாட்டுக்கு நாடு மாறும்: ஜெர்மனியில் 3 ஆண்டு, பிரான்சில் 5 ஆண்டு.

இது விமான நிறுவனம் போடும் பிச்சை அல்ல, உங்களுக்குச் சட்டம் தந்த உரிமை. தயங்காமல் கேட்டு வாங்குங்கள்.