ஓடுபாதை ஊர்கள் – 9: திருச்சியின் 8,136 அடி

புதுக்கோட்டை சாலையில் விமான நிலையம் இருக்கும் செம்பட்டுக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல் போய்ப் பார்க்க வேண்டும். அறந்தாங்கி, பேராவூரணி, பெரம்பலூர் என்று திசைக்கொரு வேனாக வந்து நிற்கும். பயணம் போகிறவர் ஒருவர், வழியனுப்ப வந்தவர்கள் எட்டுப் பேர். கயிறு வரிந்த அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் பெயர். எங்கள் சித்தப்பா முதன்முதலாகச் சிங்கப்பூர் போன ராத்திரி நாங்களும் ஸ்ரீரங்கத்திலிருந்து அப்படித்தான் போனோம். கண்ணாடிக்கு அப்பால் அவர் தலை மறைந்த பிறகும் பாட்டி அரைமணி நேரம் அங்கேயே நின்றாள்.

திருச்சி விமான நிலையத்தை வளர்த்தவை இந்த வேன்கள்தான். இங்கே உள்நாட்டுப் பயணிகளைவிட வெளிநாடு போகிறவர்களே அதிகம். 2012-ல் சர்வதேச அந்தஸ்து கிடைப்பதற்கு முன்பே கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் விமானம் பறந்துகொண்டிருந்தது. 2009-ல் திறந்த முனையம் பத்தே ஆண்டில் கூட்டம் தாங்காமல் திணறியது. 2019 பிப்ரவரியில் புதிய முனையத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். 2024 ஜனவரி 2 அன்று பிரதமர் திறந்துவைத்தார். ஜூன் மாதம் பயணிகள் உள்ளே வந்தார்கள். 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவு, ஆண்டுக்கு 44 லட்சம் பேரைத் தாங்கும் கட்டடம்.

அதன் முகப்புக்கு ஸ்ரீரங்கம் கோபுரத்தின் வண்ணங்களை எடுத்திருக்கிறார்கள். உள்ளே கோலமும் ஓவியமும். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவனுக்கு இதைவிட மனநிறைவு ஏது? ஆனால் அந்த ராஜகோபுரத்தின் கதையையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. விஜயநகர காலத்தில் அடிப்பகுதி எழும்பி, அப்படியே நின்றுபோய், ஏறக்குறைய 400 ஆண்டுகள் அதற்கு ‘மொட்டை கோபுரம்’ என்றே பெயர். அஹோபில மடத்தின் 44-ஆம் பட்டம் ஜீயர் முனைந்து நின்றதால் 1987 மார்ச்சில் 13 நிலை, 236 அடியாக நிறைவு பெற்றது. அங்கே அடி இருந்தது, முடி இல்லை. செம்பட்டில் முடி எழுந்துவிட்டது, அடி போதவில்லை.

அடி என்று நான் சொல்வது ஓடுபாதையை. அதன் நீளம் 8,136 அடி, அதாவது 2,480 மீட்டர். சென்னையின் பெரிய ஓடுபாதை 3,600 மீட்டருக்கு மேல். சித்திரை வெயிலில் காற்று லேசாகிவிடும். இறக்கைக்குப் பிடிமானம் குறையும், எஞ்சினின் உந்துவிசையும் குறையும். விமானம் எழும்ப இன்னும் அதிக தூரம் ஓட வேண்டும். ஓடப் பாதை இல்லையென்றால் சுமையைக் குறைக்கத்தான் வேண்டும். வயிற்றறையில் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போகிற காய்கறியும் பூவும்தான் முதலில் இறங்கும். பெரிய விமானங்கள் முழுச் சுமையோடு நீண்ட தூரம் பறக்க இந்த நீளம் பற்றாது. பாதையை நீட்டுவதற்கான நில எடுப்போ, ராணுவ நிலம், பட்டா நிலம் என்று பல ஆண்டுகளாக இழுத்துக்கொண்டே போகிறது.

இன்னொரு பூட்டு காகிதத்தில் இருக்கிறது. எந்த நாட்டு விமானம் நம் எந்த ஊரில் இறங்கலாம் என்பதை இரு நாட்டு ஒப்பந்தமே தீர்மானிக்கும். ஆசியான் நாடுகளுக்கு இந்தியா திறந்துவிட்ட 18 ஊர்களில் திருச்சியும் ஒன்று. சிங்கப்பூர், மலேசிய நிறுவனங்கள் இங்கே தாராளமாக வந்துபோவது அதனால்தான். ஐக்கிய அரபு அமீரகத்துடன் செய்த ஒப்பந்தத்தில் திருச்சியின் பெயர் இல்லை. துபாய்க்கும் ஷார்ஜாவுக்கும் போகும் டெல்டாக்காரர் நம் நாட்டு நிறுவனங்களின் சில விமானங்களையே நம்பியிருக்க வேண்டும். இல்லையென்றால் சென்னைக்கோ கொச்சிக்கோ பஸ் ஏற வேண்டும். இதைச் சரிசெய்ய ஒரு செங்கல்கூடத் தேவையில்லை.

சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் என்று 2022 ஆகஸ்டில் பரந்தூரை அறிவித்தார்கள். 13 கிராமங்களின் வயலும் ஏரியும் அதற்குள் வந்தன. அவற்றில் ஒன்றான ஏகனாபுரத்தின் மக்கள் தொடங்கிய போராட்டம் வருடக்கணக்கில் நீண்டது. ஒரு கிராமத்தையே பெயர்த்தெடுப்பதற்கு முன், இருக்கிற திருச்சிப் பாதையை நீட்டி, ஒப்பந்தத்தில் அதன் பெயரைச் சேர்த்தால் தென்மாவட்டத்துப் பயணிகளில் எத்தனை பேர் சென்னைக்குப் போகாமலே பறக்கலாம் என்று யாராவது உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். இங்கே நிலம் கொடுப்பவர்களுக்கும் உரிய பணம் முன்கூட்டியே கைக்கு வர வேண்டும்.

அனுமதி கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சின்ன உதாரணம் யாழ்ப்பாணம். பலாலி ஓடுபாதை 1,400 மீட்டர்தான். அங்கே இறங்கக்கூடிய சிறிய புரொப்பெல்லர் விமானம் 2025 மார்ச் கடைசியில் திருச்சியிலிருந்து பறக்கத் தொடங்கியது. பயணம் சுமார் ஒரு மணி நேரம். திருச்சி விமான நிலையத்துக்குப் பக்கத்தில்தான் கொட்டப்பட்டு முகாம். படகேறி வந்த ஈழத் தமிழர்கள் பல பத்தாண்டுகளாக அங்கே இருக்கிறார்கள். அந்த விமானம் ஏறும் சத்தம் அவர்களுடைய வாசலுக்குக் கேட்கும்.

(தொடரும்)