ஆசிரியர் தகுதித் தேர்வு (தமிழ்நாடு)

ஆசிரியர் தகுதித் தேர்வு என்பது ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகளுக்குக் கற்பிக்க விரும்புவோர், தொடக்கக் கல்விப் பட்டயம் அல்லது கல்வியியல் பட்டத்துடன் கூடுதலாகத் தேர்ச்சி பெற வேண்டிய தேர்வு ஆகும். தமிழ்நாட்டில் இதனை ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்துகிறது. இத்தேர்ச்சி வேலைக்கான உறுதி அன்று. விண்ணப்பிப்பதற்கான தகுதி மட்டுமே. புதிதாகப் படிப்பை முடித்தோர் பலர் இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதிவிடுகின்றனர்.

பின்னணி

முன்னர் அரசுப் பள்ளிகளின் இடைநிலை, பட்டதாரி ஆசிரியர் பணியிடங்கள் பெரும்பாலும் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பின்படி நிரப்பப்பட்டன. எடுத்துக்காட்டாக, வந்தவாசி வட்டம் தேசூரில் கல்வியியல் பட்டம் பெற்ற ஒருவர் திருவண்ணாமலையிலுள்ள மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்து, மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை அதைப் புதுப்பித்து, தம் முறை வரும்வரை காத்திருப்பார்.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் ஏப்ரல் 1, 2010 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் ஆகஸ்ட் 23, 2010 அன்று வெளியிட்ட அறிவிக்கை இத்தேர்வைக் கட்டாயமாக்கியது. தனியார் பள்ளிகளுக்கும் இது பொருந்தும்.

தேர்வு முறை

முதல் தாள் இடைநிலை ஆசிரியர்களுக்கும் இரண்டாம் தாள் பட்டதாரி ஆசிரியர்களுக்கும் உரியன. ஒவ்வொன்றிலும் 150 வினாக்கள் உண்டு. முதல் தேர்வு சூலை 12, 2012 அன்று நடந்தது. ஆறு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் எழுதியதில் 2,448 பேரே தேறினர். ஒன்றரை மணி நேரம் போதவில்லை என்ற குறை எழுந்ததால், அதே ஆண்டு அக்டோபரில் நடந்த துணைத்தேர்வுக்கு மூன்று மணி நேரம் அளிக்கப்பட்டது. தேர்ச்சிக்கு 60 விழுக்காடு தேவை. இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 2014-இல் இது 55 ஆகத் தளர்த்தப்பட்டது.

தகுதிகாண் மதிப்பெண் சிக்கல்

2012-இல் நியமனத்திற்கென ஒரு கணக்கு வகுக்கப்பட்டது. தகுதித் தேர்வுக்கு 60 புள்ளிகள். மேல்நிலைத் தேர்வு, பட்டம், பயிற்சி ஆகியவற்றுக்கு 40 புள்ளிகள். மதிப்பெண்கள் படிகளாகப் பிரிக்கப்பட்டதால் 90 பெற்றவருக்கும் 104 பெற்றவருக்கும் ஒரே 42 புள்ளிகள் கிடைத்தன. 105 பெற்றவருக்கோ 48. இப்படிமுறை 2014-இல் கைவிடப்பட்டு, நேர்விகிதக் கணக்கு வந்தது. ஆயினும் மேல்நிலை மதிப்பெண்கள் நீடித்தன. மதிப்பெண்கள் அரிதாக வழங்கப்பட்ட காலத்தில் பள்ளி முடித்தவர் பின்தங்கினார். அக்குறையைப் பின்னர் எவ்வளவு படித்தும் அவரால் ஈடுசெய்ய இயலாது.

2018-இல் இம்முறை முழுவதும் நீக்கப்பட்டு, தகுதி பெற்றோருக்குத் தனிப் போட்டித் தேர்வு என முடிவாயிற்று. அப்போட்டித் தேர்வுகள் 2024-இல்தான் நடந்தன: பட்டதாரி ஆசிரியர்களுக்குப் பிப்ரவரியிலும் இடைநிலை ஆசிரியர்களுக்குச் சூலையிலும். எனவே 2013-இல் தேறி வேலை கிடைக்காதோர் பதினோரு ஆண்டுகள் கழித்து மீண்டும் தேர்வறைக்குச் செல்ல நேர்ந்தது. ஏழாண்டுகளாக இருந்த சான்றிதழின் செல்லுபடிக் காலம் 2021-இல் வாழ்நாள் முழுமைக்கும் என மாற்றப்பட்டிராவிடில் அவர்களால் அதையும் எழுதியிருக்க முடியாது.

புதியவர்கள் கவனிக்க வேண்டியவை

முதுகலை ஆசிரியர் பணிக்குத் தகுதித் தேர்வு தேவையில்லை. நேரடியாகப் போட்டித் தேர்வு எழுதலாம். தமிழ்வழியில் பயின்றோருக்கு 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. எனினும் 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் பட்டப்படிப்பு மட்டும் தமிழில் இருந்தால் போதாது, பள்ளிப் படிப்பும் தமிழ்வழியில் இருக்க வேண்டும். பள்ளியிலிருந்து இதற்கான சான்றிதழை முன்கூட்டியே பெற்று வைத்தல் நலம்.

செப்டம்பர் 1, 2025 அன்று உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்தாண்டுகளுக்கு மேல் உள்ள பணியிலிருக்கும் ஆசிரியர்களும் இரண்டாண்டுகளுக்குள் இத்தேர்வில் தேற வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. சிறுபான்மையினர் பள்ளிகள் பற்றிய கேள்வி கூடுதல் நீதிபதிகள் கொண்ட அமர்வுக்கு விடப்பட்டது.