ராகம் கல்பாத்தியில், தாளம் பெருவெம்பில்

கோவையிலிருந்து ரயில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரம். வாளையாறு தாண்டியதும் கணவாய்க் காற்று முகத்தில் அடிக்கும். ஒலவக்கோட்டில் உள்ள பாலக்காடு ஜங்ஷனில் இறங்கி ஆட்டோக்காரரிடம் ‘கல்பாத்தி’ என்று சொன்னால் போதும். பெரும்பாலும் தமிழிலேயே பதில் வரும்.

‘காசியில் பாதி கல்பாத்தி’ என்பார்கள். ஆற்றங்கரையில் விசுவநாத சுவாமி கோயில், அதை ஒட்டி நீளும் அக்ரகாரத் தெருக்கள். பார்க்கச் சரியான சமயம் ஐப்பசிக் கடைசி, அதாவது நவம்பர் நடுப்பகுதி. முதலில் சில மாலைகள் இசை விழா. பிறகு மூன்று நாள் தேரோட்டம். முன்னால் ஜனங்கள் வடம் இழுக்க, பின்னாலிருந்து யானை முட்டித் தள்ளுவது இங்கே வழக்கம். கடைசி மாலை தேர்கள் எல்லாம் தேர்முட்டியில் கூடுகின்றன. அந்த நாட்களில் திண்ணைகளில் இடம் கிடைக்காது. சென்னைக்கும் மும்பைக்கும் போன குடும்பங்கள் திரும்பியிருக்கும். தேர் நிலைக்கு வந்ததும் பல வீடுகளில் மீண்டும் பூட்டு.

சங்கீதத்தின் பூர்வீகம் தேடுகிறவர்கள் கோட்டாயிக்கு அருகே செம்பை கிராமத்துக்குப் போகலாம். வைத்தியநாத பாகவதரின் (1896-1974) ஊர். இளைஞரான மணி ஐயரைச் சென்னை மேடைக்கு அழைத்துச் சென்றவரும், பின்னாளில் ஜேசுதாஸைச் சீடராக ஏற்றவரும் இவர்தான். பார்த்தசாரதி கோயிலில் ஏகாதசியை ஒட்டி நடக்கும் இசை விழாவில் கச்சேரி கேட்பது சபாவில் கேட்பதுபோல் இருக்காது. காண்டீன் போண்டாவைத் தேடி யாரும் பாதியில் எழுந்து போவதில்லை.

இத்தோடு பெரும்பாலான பயணிகள் ஊர் திரும்பிவிடுகிறார்கள். தவறவிடுவது பெருவெம்பு. பாலக்காட்டிலிருந்து கொல்லங்கோடு போகும் சாலையில் உள்ள சிற்றூர். மத்தளம், செண்டை, மிருதங்கம் ஆகியவை பிறக்குமிடம். ‘பாலக்காடு மத்தளம்’ புவிசார் குறியீடு பெற்றது இந்தக் கைகளால்தான்.

பலாக்கட்டையைக் குடைவது பாதி வேலைகூட அல்ல. தோலைப் பதம் செய்து, உலர்த்தி, வட்டமாக வெட்டி, வாரால் இழுத்துக் கட்ட வேண்டும். மிருதங்கத்துக்குப் பசு, ஆடு, எருமை என மூன்றின் தோலும் தேவை. வலந்தலையில் கறுப்பாகத் தெரியும் கரணை, கல்பொடியையும் சோற்றையும் பிசைந்து மெல்லிய அடுக்குகளாகத் தேய்த்து ஏற்றுவது. ஒவ்வொரு அடுக்குக்கும் தட்டிப் பார்க்கிறார்கள். சுருதி பிடிபடும்வரை ஓய்வதில்லை. இந்தக் காதுக்கு வித்வான் என்ற பட்டத்தை யாரும் கொடுத்ததில்லை.

மணி ஐயரின் பெயர் தெரியாத ரசிகர் இல்லை. அவருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த தஞ்சாவூர் பர்லாந்தின் பெயர் பரவலாகத் தெரியவந்தது, 2020-ல் டி.எம். கிருஷ்ணா ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ புத்தகத்தை எழுதிய பிறகுதான். தோலைத் தொட்டவர் மேடைக்கு வெளியே, தோலை வாசித்தவர் மேடைமேல். இந்தப் பழைய ஏற்பாடு பெருவெம்புக்கும் பொருந்தும். இதற்குள் செயற்கைத் தோல் மிருதங்கங்களும் கடைக்கு வந்துவிட்டன. உடம்பை வருத்தும் இந்த வேலைக்கு அடுத்த தலைமுறை வருமா என்பது அங்குள்ள ஒவ்வொரு வீட்டுக் கேள்வி.

பட்டறைகள் வீடுகளை ஒட்டியே இருப்பதால் கேட்டுவிட்டு உள்ளே போவது மரியாதை. காமிராவை வெளியே எடுப்பதற்கு முன் கொஞ்ச நேரம் உட்கார்ந்து கேளுங்கள். கரணை ஏற ஏற நாதம் மாறுவது காதுக்கே தெரியும். பாலக்காட்டிலிருந்து காலை பஸ்ஸில் போனால் மதியச் சாப்பாட்டுக்குக் கல்பாத்தி திரும்பிவிடலாம்.