பிரெஞ்சு நாணயத்தில் பியர்ஸ் சோப்... மண்ணுக்குள் கிடைக்கும் 19-ம் நூற்றாண்டு விளம்பரம்!

பியர்ஸ் சோப்பைத் தெரியாதவர்கள் நம்மில் குறைவு. ஆனால், அந்தப் பெயர் குத்தப்பட்ட பழைய பிரெஞ்சு நாணயங்கள் இருப்பது தெரியுமா? இங்கிலாந்தில் மெட்டல் டிடெக்டரோடு வயல்களில் தேடுபவர்களுக்கு இவை கிடைப்பதுண்டு. பார்த்ததும், 'யாரோ விளையாட்டுக்கு அடிச்சிருக்காங்க' என்றுதான் தோன்றும். பழைய இரும்புக்கடைக்குப் போட்டுடாதீங்க... அது 1880-களின் விளம்பரம்!

எப்படி அடையாளம் காண்பது?

முதலில், நாணயம் யாருடையது என்று பாருங்கள். ஒருபக்கம் பேரரசர் மூன்றாம் நெப்போலியனின் தலை, மறுபக்கம் கழுகு, 30 மி.மீ விட்டம், 10 கிராம் எடை என்றால், அது பிரான்ஸின் 10 சாந்தீம் வெண்கல நாணயம்.

அடுத்து, எழுத்துகளைத் தடவிப் பாருங்கள். நாணயச்சாலையில் அச்சிட்ட எழுத்துகள் மேடாக இருக்கும். 'பியர்ஸ் சோப்' என்ற ஆங்கில எழுத்துகளோ பள்ளமாக, அடியில் உள்ள வடிவத்தை நசுக்கிக்கொண்டு இருக்கும். அப்படியென்றால், நாணயம் வெளிவந்த பிறகு யாரோ குத்தியது என்று அர்த்தம்.

மூன்றாவது விஷயத்தில்தான் பலர் ஏமாறுவார்கள். நாணயத்தில் 1855 என்று இருந்தால், விளம்பரமும் 1855-ல் வந்தது என்று நினைத்துவிடக் கூடாது. அந்த வருஷம் நாணயத்தின் வயசு. முத்திரை விழுந்தது அதற்கு எத்தனையோ வருடங்கள் கழித்து.

சரி, இங்கிலாந்து சோப்புக்கு எதற்கு பிரெஞ்சு நாணயம்?

காரணம், ஒரு சட்டம். 19-ம் நூற்றாண்டின் நடுவில், 'லாயிட்ஸ்' வாரப் பத்திரிகை உட்பட சிலர், பிரிட்டிஷ் பென்னி நாணயங்களிலேயே விளம்பரத்தைக் குத்திப் புழக்கத்தில் விட்டார்கள். கைமாறும் ஒவ்வொரு முறையும் காசில்லாமல் விளம்பரம்! 1853-ல் வந்த சட்டம், நாட்டின் நாணயங்களில் இப்படிப் பெயர், வாசகம் குத்துவதைக் குற்றமாக்கியது.

பியர்ஸ் நிறுவனத்தின் விளம்பரங்களைக் கவனித்தவர் தாமஸ் பாரட். அந்தச் சட்டம் பிரிட்டிஷ் நாணயங்களைத்தானே காக்கிறது? அதனால், அவர் பிரான்ஸிலிருந்து 10 சாந்தீம் நாணயங்களை வரவழைத்தார். இரண்டரை லட்சம் நாணயங்கள் என்று சொல்கிறார்கள். அளவிலும் மதிப்பிலும் அது கிட்டத்தட்ட ஒரு பென்னிதான். அதனால் கடைகளிலும் பென்னியாகவே கைமாறியது. கடைசியில், வெளிநாட்டு வெண்கல நாணயங்களின் வரவுக்கே அரசு தடை போட, விளையாட்டு முடிவுக்கு வந்தது.

இப்போது புரிகிறதா? முத்திரையைக் கண்டு குறையுள்ள நாணயம் என்று ஒதுக்கினால், இந்தக் கதை மொத்தமும் போய்விடும். சாதாரண 10 சாந்தீம்கள் கோடிக்கணக்கில் அச்சானவை. அந்த முத்திரைதான் இதைத் தனித்துக் காட்டுகிறது.

இதனால்தான் ஒரு எச்சரிக்கை. புளி, எலுமிச்சை, பிரஷ் என்று எதையும் போட்டுத் தேய்க்காதீங்க. பளபளப்பு வரும், ஆனால் எழுத்து மழுங்கிவிடும். ஒட்டியிருக்கும் மண்ணை மட்டும் மெதுவாக நீக்கி, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி வைத்து போட்டோ எடுங்கள். கண்ணுக்குத் தெரியாத எழுத்துகூட நிழலில் தெரியும். எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது என்பதையும் அன்றே எழுதி வைத்துவிடுங்கள்.