ஓடிப் போகுமுன் நின்று பார்! மீட்புப் படையினருக்கு முதல் பாடம்

தீ என்றால் புகை தெரியும். வெள்ளம் என்றால் தண்ணீர் தெரியும். கதிர்வீச்சுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நோய்க்கிருமியும் கண்ணுக்குப் படாது. இப்படிப்பட்ட ஆபத்தில் பிறரைக் காப்பாற்றப் போகிறவருக்குத் துணிச்சல் மட்டும் போதுமா?

போதாது. கழிவுநீர்த் தொட்டியில் மயங்கியவரைத் தூக்க இறங்கியவரும், அவரைத் தூக்க இறங்கிய மூன்றாமவரும் மாண்ட செய்திகள் அடிக்கடி வருகின்றனவே!

தலைநகர் தில்லி 2010 ஏப்ரலில் வேறொரு பாடம் கற்றது. தில்லி பல்கலைக்கழகத்தில் 1985 முதல் பயன்படாமல் கிடந்த கதிர்வீச்சுக் கருவி ஒன்று ஏலத்தில் விலைபோய், மாயாபுரி பழைய இரும்புக் கடையைச் சேர்ந்தது. அதனுள் கோபால்ட்-60 இருப்பதை அறியாமல் தொழிலாளர்கள் அதைப் பிரித்தார்கள். ஒருவர் உயிரிழந்தார், வேறு சிலர் நோயுற்றார்கள். பிறகு நிபுணர்கள் அளவு கருவிகளுடன் வந்து தேடி அதை மீட்டனர்.

காற்றைப் பார்!

2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி 2006-இல் அமைந்த தேசியப் பேரிடர் மீட்புப் படை, இத்தகைய விபத்துகளுக்கென்றே தன் வீரர்களுக்குப் பயிற்சி தருகிறது. அரக்கோணத்திலுள்ள 4-வது பட்டாலியனும் இதில் சேர்ந்ததே.

விபத்து இடத்துக்குச் சற்றுத் தொலைவில், காற்று வரும் பக்கமாக நிற்க வேண்டும் என்பது முதல் பாடம். 1984 டிசம்பர் 2 இரவு போபாலில் நச்சுவாயு பரவியபோது, காற்று போன திசையிலேயே ஓடிய பலர் அதில் சிக்கினார்கள்.

பரவியிருப்பது எது என்று அறிவது அடுத்த பாடம். குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனம், பள்ளத்தில் தேங்கும். ஆகவே மேட்டுக்குப் போக வேண்டும். கதிர்வீச்சு என்றாலோ விலகுவதே காப்பு. தூரம் இரு மடங்கானால் தாக்கம் கால் பங்காகும்.

அதன் பிறகே உள்ளே நுழைவது. உடல் முழுதும் மூடும் உடுப்பு, முதுகில் காற்று சிலிண்டர். அது ஏறக்குறைய அரை மணி, முக்கால் மணி நேரமே தாங்கும். எனவே இருவர் இருவராகப் போய், நேரம் பார்த்துத் திரும்ப வேண்டும். மீட்கப்பட்டவரின் ஆடையைக் களைந்து, தண்ணீரால் கழுவிய பிறகே ஆம்புலன்சில் ஏற்றுவர். இல்லாவிடில் நஞ்சு ஆஸ்பத்திரிவரை போய்விடும்.

முதலில் வருபவர் யார்?

2020 மே 7 அதிகாலை விசாகப்பட்டினத்தில் ஓர் ஆலையிலிருந்து ஸ்டைரீன் வாயு கசிந்து 12 பேர் மாண்டனர். சிறப்புப் பயிற்சி பெற்றவர்கள் புனேயிலிருந்து விமானத்தில் வரவேண்டியிருந்தது. அதற்கு முன்பே மயங்கியவர்களைத் தூக்கியவர்கள் உள்ளூர்ப் போலீசாரும் தீயணைப்பு வீரர்களும் அக்கம்பக்கத்தாருமே.

ஆகவே இந்தப் பயிற்சி சிறப்புப் படையோடு நின்றுவிடக் கூடாது. ரோந்து போகும் போலீஸ்காரருக்கும் ஆம்புலன்ஸ் டிரைவருக்கும் அது எட்ட வேண்டும். டாங்கர் லாரிப் பலகையில் 1017 என்றிருந்தால் குளோரின், 1005 என்றிருந்தால் அமோனியா, 1203 என்றிருந்தால் பெட்ரோல். இதைப் படிக்கத் தெரிந்த ஒருவர் தெருவில் நின்றாலே பல உயிர்கள் பிழைக்கும்.