தப்பாக அடித்த காசா? அடிபட்ட காசா?



"அச்சுப் பிழை உள்ள நாணயத்துக்கு லட்சக்கணக்கில் பணம்" என்று செல்போனில் சுற்றும் செய்தியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எங்க அப்பாவும் பார்த்தார். டீக்கடைக் கல்லாவில் வந்து விழுந்த ஒரு 2 ரூபாய்க் காசு, வழக்கத்தைவிட அகலமாக, மெல்லிசாக இருந்தது. போனில் பேசியவன், "5 லட்சம் தர்றோம், முதல்ல பதிவுக் கட்டணம் 1500 கட்டுங்க" என்றானாம். என் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணத்தை அப்பா கையில் எடுத்துவிட்டார். "ரெண்டு நாள் பொறுங்கப்பா, பார்த்துச் சொல்றேன்" என்று காசை வாங்கி வந்தேன். அப்போது தெரிந்துகொண்டதுதான் இந்தக் கட்டுரை.

முதலில், காசு எப்படிப் பிறக்கிறது? மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா ஆகிய 4 இடங்களில் மத்திய அரசின் நாணயச் சாலைகள் உள்ளன. நாம் படிக்கிற பிரஸ் வேலைதான் அங்கேயும்! தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டி, சூடாக்கி இளக வைத்து, ஓரத்தை எழுப்பி, மேல் டைக்கும் கீழ் டைக்கும் நடுவில் வைத்து அடிக்கிறார்கள். சுற்றிலும் காலர் என்ற வளையம் இருப்பதால் உலோகம் வெளியே பரவாது.

ஆகவே விசித்திரமான காசைப் பார்த்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது அந்த மெஷினில் நடந்திருக்க முடியுமா?

1. பிறை போல ஓரம் குறைந்த காசு: பூரி மாவை டப்பா மூடியால் வெட்டும்போது, ஏற்கெனவே வெட்டிய இடத்தில் மூடி பட்டால் பூரி குறையாகத்தானே வரும்? வில்லையும் அப்படித்தான். நிஜப் பிழையென்றால் அதற்கு நேர் எதிர் ஓரமும் பெரும்பாலும் மங்கலாக இருக்கும். ஓரம் எழுப்பும்போது அங்கே சரியான அழுத்தம் கிடைக்காததே காரணம். அரத்தால் ராவிய காசில் எதிர் ஓரம் முழுசாக இருக்கும்.

2. கோடு: டையில் விரிசல் விட்டால் அதற்குள் உலோகம் புகுந்து, காசின்மேல் மேடான கோடாக வரும். கீறல் என்றால் பள்ளமாக இருக்கும். நகத்தால் தடவினாலே தெரிந்துவிடும்.

3. இடவலம் மாறிக் குழிந்த படம்: முன்பு அடித்த காசு டையிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த வில்லையில் அதன் படம் குழிந்து பதியும். மறுபக்கம் மட்டும் ஒழுங்காக இருக்கும். இரண்டு காசுகளை வைஸில் வைத்து நெருக்கிய போலியில் மறுபக்கமும் நசுங்கியிருக்கும்.

4. அகலமான காசு: அப்பாவின் காசு இந்த வகை. இதில்தான் நானே குழம்பினேன்! காலர் சரியாக நிற்காவிட்டால் மெஷினிலும் காசு அகலமாக வரும். காசில் 2014 என்று படிக்க முடிந்தது. அந்த வகைக்கு எடை 4.85 கிராம், விட்டம் 25 மில்லிமீட்டர். லேபில் நிறுத்தேன், எடை ஏறக்குறைய சரியாகவே இருந்தது. விட்டம் மட்டும் 28-க்கு மேல்!

பிறகுதான் ஒன்று தோன்றியது. காலர் இல்லாவிட்டாலும் டை அதே டைதானே? எழுத்தின் அளவு மாறக் கூடாது. ஒரு நல்ல காசைப் பக்கத்தில் வைத்து, '2' என்ற எண்ணின் உயரத்தை வெர்னியரில் அளந்தேன். அப்பாவின் காசில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கூடுதல். அடித்து முடித்த பிறகு நசுங்கி, எழுத்தும் சேர்ந்து விரிந்திருக்கிறது. அநேகமாக ரயில் சக்கரம்!

அப்பாவிடம் இரண்டு காசையும் காட்டினேன். ரிசர்வ் வங்கி 2021-லேயே, பழைய நாணயம் வாங்க, விற்கத் தன் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று எச்சரித்ததையும் சொன்னேன். ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. மறுநாள் போன் வந்ததும், "அந்த 5 லட்சத்துல 1500-ஐக் கழிச்சுக்கிட்டு மிச்சத்தக் குடுங்க" என்றார். இணைப்பு துண்டிக்கப்பட்டது!

கட்டணம் கட்டியாயிற்று. காசு என் பெட்டியில் இருக்கிறது. நண்பர்களே, ரெக்கார்டு நோட்டுக்காக மட்டும் வெர்னியரைத் தொடாதீர்கள்!