விழிப்பிலும் அமைதி

அறுவைச் சிகிச்சை என்றதும், நோயாளி தன்னினைவின்றிக் கிடப்பார் என்றே பலரும் எண்ணுகிறோம். ஆனால், கையில் செய்யப்படும் பல சிகிச்சைகளுக்கு முழு மயக்கம் தேவையில்லை. நரம்பைச் சுற்றி மருந்து செலுத்திக் கையை மட்டும் மரத்துப்போகச் செய்தாலே போதும். வலி தெரியாது, எனினும், விழித்திருப்பவரின் அச்சம் எளிதில் அடங்குவதில்லை. அதனைத் தணிக்கவே புரோபோஃபால் போன்ற உறக்கமூட்டும் மருந்துகள் சிரைவழிச் செலுத்தப்படுகின்றன. அளவு மிகுந்தால் அவை மூச்சைத் தளர்த்தும். குருதி அழுத்தத்தையும் தாழ்த்தும். அச்சத்தைத் தணிக்க வேறு வழி உண்டா?

குழந்தையின் காலில் தைத்த முள்ளை எடுக்கும் தாய், காக்கையைக் காட்டிப் பேச்சுக் கொடுப்பாள். குழந்தையின் கவனம் காக்கையிடம் செல்லும். முள்ளும் வெளியே வந்துவிடும். மனத்தின் கவனம் அளவுக்கு உட்பட்டது. ஒன்றில் ஆழ்ந்தால் மற்றொன்றை உணர்வது குறையும். மெய்நிகர் உண்மைத் தொழில்நுட்பத்தின் அடிப்படையும் இதுவே. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உருவான ‘ஸ்னோ வேர்ல்டு’ என்னும் பனியுலக விளையாட்டு, தீக்காயமுற்றோரின் வலியுணர்வைக் குறைக்கப் பயன்பட்டது.

பாஸ்டன் நகர மருத்துவர்கள் இக்கருத்தை அறுவை அரங்கில் சோதித்து, 2022ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். கை அறுவைச் சிகிச்சை பெற்ற 34 பேர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். 17 பேர் தலையில் அணியும் திரையின் வழியே புல்வெளி, காடு, மலையுச்சி போன்ற காட்சிகளைக் கண்டனர். எஞ்சியோர் வழக்கமான முறையில் சிகிச்சை பெற்றனர். வழக்கமான குழுவினர்க்கு மணிக்குச் சராசரியாக ஏறத்தாழ 750 மில்லிகிராம் புரோபோஃபால் தேவைப்பட்டது. காட்சி கண்டவர்க்கோ ஏறத்தாழ 125 மில்லிகிராமே போதுமானதாயிற்று. மனநிறைவில் இரு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. காட்சி கண்டவர்கள் மீட்பறையிலிருந்தும் விரைவில் வெளியேறினர்.

ஆயினும், ஆய்வில் பங்கேற்றோர் சிலரே. தாம் எக்குழுவினர் என்பதை அவர்கள் அறிந்திருந்ததால், எதிர்பார்ப்பும் முடிவில் பங்காற்றியிருக்கலாம். மேலும், மரத்துப்போகச் செய்யும் மருந்தின் இடத்தை இக்காட்சிகளால் நிரப்ப இயலாது. வலியை அடக்குவது மருந்து. மனத்தை ஆற்றுவது காட்சி. உடலுக்கு எவ்வளவு மருந்து தேவை, மனத்துக்கு எவ்வளவு ஆறுதல் தேவை என்று பிரித்தறிந்து அளிப்பதே நல்ல மருத்துவம்.